ஒரே வரைபடத்தில் 400 ஆண்டுகள்: சில்செஸ்டரை மறுபடியும் தோண்டியது ஏன்?

பிரிட்டனில் ரோமானியர் ஆண்ட காலத்து நகரங்களில் பெரும்பாலானவை இன்றைய நகரங்களின் காலடியில் கிடக்கின்றன. லண்டனில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துப் புதியது கட்டும் இடைவெளியில்தான் தொல்லியலாளர்கள் உள்ளே இறங்க முடியும். கிடைப்பது ஒரு மூலை, ஒரு துண்டுச் சுவர். அடுத்த துண்டு கிடைக்க இன்னொரு கட்டடம் இடிபட வேண்டும். சில்செஸ்டர் அப்படியல்ல. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ரெடிங் நகரத்துக்குத் தெற்கே உள்ள இந்த இடத்தில் ரோமானியருக்குப் பிறகு எந்த நகரமும் எழவில்லை. சுமார் 2.4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கல்மதில் இன்றும் நிற்கிறது, சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேலான உயரத்தில். உள்ளே ஏறத்தாழ 40 ஹெக்டேர் புல்வெளி, ஓரத்தில் ஒரு தேவாலயம், ஒரு பண்ணை வீடு. அவ்வளவுதான்.

ரோமானியர் இதைக் காலேவா அட்ரெபாட்டம் என்று அழைத்தார்கள். அட்ரெபாட்டஸ் என்ற மக்கள் குழுவின் பகுதிக்கு இதுதான் நிர்வாகத் தலைமையிடம். ஒரு மாகாண நகரம் எப்படி உருவாகி, வளர்ந்து, மறைந்தது என்பதை முழுதாகப் படிக்க இதைவிட வசதியான இடம் அமைவது கஷ்டம். இருந்தும் இந்த நகரத்தின் கதையை ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

மண்ணுக்கு அடியில் தெருக்கள் இருப்பது உள்ளூர் விவசாயிகளுக்கு வெகுகாலமாகத் தெரியும். முதலாம் எலிசபெத் அரசி காலத்து வரலாற்று ஆசிரியர் வில்லியம் கேம்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார்: நிலம் வளமானதுதான், ஆனால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் சில கோடுகளில் மட்டும் பயிர் செழிப்பதில்லை, அங்கேதான் பழைய நகரத்தின் தெருக்கள் ஓடின என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தெருவின் சரளைக்கல் வேரைத் தடுத்தது, பயிர் குன்றியது. இன்று விமானப் படங்களில் தொல்லியலாளர்கள் தேடும் அதே அடையாளத்தை வயலில் நின்றே கண்டுகொண்டவர்கள் அவர்கள். 1740களில் ஜான் ஸ்டேர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி அந்தக் கோடுகளைப் பின்பற்றித் தெருக்களின் அமைப்பைக் கண்டறிந்தார். 1864இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற பாதிரியார், நிலத்துக்குச் சொந்தக்காரரான வெலிங்டன் பிரபுவின் ஆதரவுடன் தோண்டத் தொடங்கினார். 1866இல் நகரின் மையத்தில் இருந்த பெரிய மண்டபத்தில் ஒரு வெண்கலக் கழுகு கிடைத்தது. ஏதோ ஒரு படைப்பிரிவின் கொடிக்கழுகு என்று ஜாய்ஸ் நம்பினார். ஒரு சிலையின் பகுதியாக இருந்திருக்கும் என்பதே இப்போதைய கருத்து.

பெரிய வேலை 1890இல் ஆரம்பித்தது. லண்டன் தொல்பொருள் சங்கம் மதிலுக்கு உள்ளே இருக்கும் முழு நகரத்தையும் தோண்டிவிடுவது என்று முடிவெடுத்தது. ஜார்ஜ் ஃபாக்ஸ், வில்லியம் செயின்ட் ஜான் ஹோப் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். 1909 வரை, வருடா வருடம், ஒரு தெருக்கட்டம் முடிந்ததும் அடுத்தது. இந்தத் தெருக்கட்டங்களை இன்சுலா என்று சொல்வது தொல்லியலாளர் வழக்கம். இறுதியில் ஒரு மகத்தான வரைபடம் கையில் இருந்தது. செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் தெருக்கள், நடுவில் சந்தை வளாகம், பொதுக் குளியலகம், கோயில்கள், தோட்டத்துக்கு நடுவே வீடுகள், மதிலுக்கு வெளியே வட்ட அரங்கு. பிரிட்டனில் வேறெந்த ரோமானிய நகரத்துக்கும் அப்படி ஒரு முழு வரைபடம் அன்று இல்லை. ரோமானிய பிரிட்டனின் நகரம் என்றால் எப்படி இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொன்னபோதெல்லாம் இந்தப் படம்தான் அங்கே வந்து நின்றது.

அதில்தான் சிக்கல். வரைபடத்தில் காலம் இல்லை. ஒரு வீடு முதல் நூற்றாண்டில் கட்டியது, பக்கத்து வீடு நான்காம் நூற்றாண்டில் கட்டியது. இரண்டும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் படத்தில் அக்கம்பக்கத்து வீடுகளாக நிற்கின்றன. தாத்தா, அப்பா, பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் ஒரே வயதில் நிற்கும் குடும்பப் புகைப்படம் அது. அதைப் பார்த்து, ஊர் இப்படித்தான் திட்டமிட்டுக் கட்டப்பட்டது, பெரும்பாலும் காலியிடமும் தோட்டமுமாக இருந்தது, இவ்வளவு பேர் வசித்தார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள்.

அன்றைய முறை அப்படி. நிலத்தின் குறுக்கே ஒடுக்கமான நீளக்குழிகளை வெட்டிக்கொண்டே போவார்கள். கல்சுவர் தட்டுப்பட்டால் அதன் போக்கிலேயே தோண்டி அறையின் வடிவத்தை எடுப்பார்கள். முழுப் பானை, காசு, இரும்புக் கருவி எல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கப்படும். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு மட்டும் பெரும்பாலும் இருக்காது. மரத்தால் கட்டிய வீடு அவர்கள் கண்ணில் படவே இல்லை. மரம் மக்கினால் மிஞ்சுவது மண்ணின் நிறத்தில் ஒரு சின்ன வேறுபாடு, தூண் நட்ட குழியின் கருத்த வட்டம். அதைப் பார்க்க அகலமான பரப்பைத் திறந்து, கரண்டியால் சுரண்டிச் சமன் செய்து, பொறுமையாக உற்றுப் பார்க்க வேண்டும்.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிணறுகளின் அடிமண்ணைச் சலித்து விதைகளை எடுத்து, கிளெமென்ட் ரீட் போன்ற அறிஞர்களிடம் கொடுத்து அடையாளம் காணச் செய்தவர்களும் இவர்கள்தான். தாவர எச்சங்களைக் குப்பை என்று எல்லோரும் வீசிய காலத்தில் நடந்தது அது. இன்னொரு நன்மையும் விளைந்தது: நீளக்குழிகள் ஒடுக்கமாக இருந்ததால் நிலத்தின் பெரும்பகுதி கலையாமல் அப்படியே தப்பியது.

மண்ணடுக்குகளைப் பிரித்துப் படிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உறுதிப்பட்டது. அதில் முக்கியமான பெயர் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்: 1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய மார்டிமர் வீலர். அதற்கு முன்பு 1930 முதல் 1933 வரை அவரும் அவருடைய மனைவி டெஸ்ஸா வெர்னி வீலரும் லண்டனுக்கு வடக்கே வெருலேமியம் என்ற இன்னொரு ரோமானிய மாகாண நகரத்தைத் தோண்டினார்கள். பிற்பாடு 1955 முதல் 1961 வரை ஷெப்பர்ட் ஃப்ரீர் அதே ஊரில் ஒரு தெருக்கட்டத்தை அகலமாகத் திறந்தபோது, கல் கட்டடங்களுக்கு அடியில் மரக்கடைகளின் வரிசை ஒன்று தெரிந்தது. கி.பி. 49 வாக்கில் கட்டி, 60-61இல் ரோமானியருக்கு எதிராக எழுந்த பூடிக்கா அரசியின் கிளர்ச்சியில் எரிந்துபோன கடைகள். ஒரு ரோமானிய நகரத்தின் முதல் தலைமுறை மரத்தில்தான் வாழ்ந்தது என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. அப்படியானால் சில்செஸ்டரின் புகழ்பெற்ற வரைபடத்தில் அந்தத் தலைமுறைகள் எங்கே போயின?

ரெடிங் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃபுல்ஃபோர்ட் இந்தக் கேள்வியோடு தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். மதிலையும் வட்ட அரங்கையும் ஆராய்ந்தார். பிறகு 1980களில் நகரின் மையத்தில் இருந்த பெரிய மண்டபத்தை, ஜாய்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டி முடித்துவிட்டதாக நினைத்த அதே இடத்தை, மறுபடி திறந்தார். மேலே இருந்தது இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டிய கல் மண்டபம். அதன் கீழே முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மரத்தால் கட்டிய இன்னொரு மண்டபம். சரி, இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்கும் கீழே இருந்ததுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: ரோமானியர் வருவதற்கு முன்பே சரளை போட்ட தெருக்கள், அவற்றின் ஓரமாக வீடுகள், கிணறுகள், காசு வார்க்கப் பயன்பட்ட களிமண் அச்சுகள்.

ரோமானியப் படை பிரிட்டனைக் கைப்பற்ற வந்தது கி.பி. 43இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. யார் அமைத்தார்கள்? அன்று கால் என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸில், ஜூலியஸ் சீசருக்கு முதலில் நண்பனாகவும் பிறகு பகைவனாகவும் இருந்த கோமியஸ் என்ற அட்ரெபாட்டஸ் அரசன் பிரிட்டனுக்குத் தப்பி வந்தான். தரைதட்டிய கப்பலில் பாயை விரித்து, புறப்பட்டுவிட்டதாகச் சீசரை நம்ப வைத்துத் தப்பினான் என்று ஒரு ரோமானிய எழுத்தாளர் சொல்கிறார். அவன் பெயர் பொறித்த காசுகள் தென் பிரிட்டனில் கிடைக்கின்றன. அவனுக்குப் பின் வந்த எப்பில்லஸ் தன் காசில் காலேவாவின் அரசன் என்றே லத்தீனில் பொறித்துக்கொண்டான். படையெடுப்புக்கு முன்பே ஒரு பிரிட்டானிய அரசன் லத்தீன் எழுத்தில் தன் ஊரின் பெயரைக் காசில் போடுகிறான் என்றால், ரோமானியர் வந்துதான் நகரம் என்பதைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற பழைய கதை நிற்காது.

மண்டபத்தின் அடியில் பார்த்தது ஒரு சின்னச் சன்னல்தான். சாதாரண மக்கள் வாழ்ந்த இடத்தில் இதே வரிசை எப்படி இருக்கும்? அதற்காகத் தேர்ந்தெடுத்தது ஒன்பதாவது இன்சுலா. 1893-94இல் ஒருமுறை தோண்டியது. 1997இல் 55 மீட்டருக்கு 55 மீட்டர் சதுரமாக ஒரே குழியைத் திறந்தார்கள். 2014 வரை ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வந்து, கடைசிக் காலத்து அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே இறங்கினார்கள். 18 கோடைகள், ஒரே குழி.

அந்தக் குழியில் எல்லோரும் முதலில் விடை தேடியது ஒரு வீட்டுக்கு. 1893இலேயே வரைபடத்தில் ஏறிய வீடு. நகரத்தின் தெருக்கள் எல்லாம் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஒழுங்காக ஓடும்போது, இந்த வீடு தெருவுக்குக் கோணலாக, வடகிழக்கு தென்மேற்கு வாக்கில் கிடக்கிறது. தெருவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. ஏன்? கல் வீட்டுக்கு அடியில் மரவீடு, அதற்கும் அடியில் இன்னும் பழைய கட்டடங்கள் என்று இறங்க இறங்க, அவையும் அதே கோணத்தில் கிடந்தன. இறுதியில், ரோமானியருக்கு முந்தைய அடுக்கில், அந்தக் கோணத்திலேயே ஓடிய பழைய ஊரின் தெருவழியும், மனைகளைப் பிரித்த வேலிப் பள்ளங்களும் வெளிப்பட்டன. கூடவே ஏறக்குறைய 50 மீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய மரக்கூடம்.

அதாவது, முதல் நூற்றாண்டின் கடைசியில் அதிகாரிகள் கயிறு பிடித்து ஊர் முழுக்கப் புதுத் தெருக்களைப் போட்டார்கள். ஆனால் இந்த மனைக்காரர்கள் பழைய எல்லையிலேயே, பழைய கோணத்திலேயே வீட்டை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இது தொடர்ந்தது. மூன்றாம் நூற்றாண்டில்தான் கோணல் வீடு தரைமட்டமாகி, தெருவோடு ஒட்டிய புதுக் கட்டடங்கள் வந்தன. பாட்டன் கொடுத்த மனையின் எல்லைக்கல்லை விட்டுக்கொடுக்காத குடும்பம் ஒன்று அங்கே இருந்ததா, அல்லது மனை கைமாறிய பிறகும் பழைய அளவே செல்லுபடியானதா என்று மண் சொல்லாது. நில உரிமை என்ற ஒன்று பேரரசின் அளவுகோலுக்கு அவ்வளவு காலம் வளைந்துகொடுக்கவில்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. சில்செஸ்டர் ஆய்வு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். படையெடுப்பு, ஆளுநர், பேரரசர் என்று எழுதும் வரலாற்றில் இந்தப் பிடிவாதத்துக்கு இடமே இருந்ததில்லை.

கிணறுகள் வேறொரு கதை சொல்கின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே காற்று புகாத சேற்றில் விதையும் இலையும் வண்டின் சிறகும் அழுகாமல் அப்படியே இருக்கும். படையெடுப்புக்கு முந்தைய கிணறு ஒன்றின் சேற்றைச் சலித்தபோது ஒரே ஒரு ஒலிவக் கொட்டை கிடைத்தது. கூடவே கொத்தமல்லி, செலரி, சதகுப்பை விதைகள். ஒலிவ மரம் அந்தக் குளிரில் காய்க்காது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த காயை யாரோ இங்கே தின்று கொட்டையைத் துப்பியிருக்கிறார்கள். மதுவும் எண்ணெயும் மீன் குழம்பும் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் அதே அடுக்குகளில் ஏராளம். ரோமானியச் சமையலின் ருசி, படைக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தது.

கி.பி. 43க்கும் தெருக்கள் போட்ட காலத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பதில்தான் வாதம் அதிகம். நீரோ பேரரசரின் பெயர் முத்திரை குத்திய ஓடுகள் சில்செஸ்டரில் கிடைத்திருக்கின்றன. பிரிட்டனில் இது மிக அரிது. அந்த ஓடுகளைச் சுட்ட சூளை சில கிலோமீட்டர் தள்ளி லிட்டில் லண்டன் என்ற சிற்றூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பேரரசரின் பெயரில் ஓடு சுட்டு அடுக்கும் அளவுக்கு இங்கே என்ன கட்டினார்கள்? ரோமின் ஆதரவோடு ஆண்ட கோகிடும்னஸ் என்ற உள்ளூர் அரசனிடம் சில பகுதிகள் ஒப்படைக்கப்பட்டன என்று ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். காலேவாவும் அவற்றில் ஒன்றாக இருந்தால் விஷயம் பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காக அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பூடிக்காவின் கிளர்ச்சி விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்தை ஒட்டிய எரிந்த தடயங்களைக் கொண்டு, இந்த ஊரும் அப்போது தாக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபுல்ஃபோர்ட் வாதிட்டார். அழிந்த நகரங்களாக டாசிட்டஸ் பெயர் சொல்வது மூன்றைத்தான், அவற்றில் காலேவா இல்லை. மர வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் தீப்பிடிக்கக் கிளர்ச்சிதான் வர வேண்டும் என்பதில்லையே.

பொதுக் குளியலகம் இந்த இடைக்காலத்துக்கு நல்ல சாட்சி. அதன் முகப்புத் தாழ்வாரம் தெருவுக்கு ஒத்துப்போகவில்லை, தெரு போடுவதற்காக அதில் ஒரு பகுதியை இடித்திருக்கிறார்கள். குளியலகம் முதலில், தெரு பிறகு. முதலில் தெருக்களை வகுத்து, அப்புறம் கட்டடங்களை நட்ட திட்டமிட்ட நகரம் என்று அந்தப் பழைய வரைபடம் தந்த தோற்றம் இங்கேயும் உடைகிறது. மதிலும் அதையே சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் மண் அரணாக எழுப்பி, மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய அந்த மதில், வகுத்துவைத்த தெருக்களில் சிலவற்றை வெளியே தள்ளிவிட்டது. போட்ட திட்டம் பெரிது, நிரம்பிய ஊர் சிறிது.

மையத்துப் பெரிய மண்டபத்துக்கு நேர்ந்ததும் கவனிக்கத் தக்கது. வழக்கு விசாரணையும் நகர மன்றமும் நடந்த அந்த இடத்தில், மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கொல்லர்கள் வேலை செய்தார்கள். இரும்புக் கசடும் உலையும் அதே தரையில் கிடைத்தன. இதைச் சீரழிவு என்று எழுதுவது எளிது. உலைக்களம் ஓய்வில்லாமல் நடக்கிறது, ஒன்பதாவது இன்சுலாவில் புது வீடுகள் எழுகின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், தொழில் இருக்கிறது. செல்வந்தர்கள் தங்கள் பெயரைப் பொறிக்கப் பொதுக் கட்டடம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஊரின் நலத்தைப் பளிங்குத் தூண்களை வைத்து அளக்கும் பழக்கத்தைத் தொல்லியல் இப்போதுதான் மெல்ல விட்டுவருகிறது.

அந்த ஊர்க்காரர்களின் குரலும் கொஞ்சம் கேட்கிறது. காலேவாவில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்ததைக் கல்வெட்டுத் துண்டுகள் சொல்கின்றன. சுடுவதற்கு முன் ஈரமாக இருந்த ஓர் ஓட்டில் யாரோ சில ஆட்களின் பெயர்களைக் கீறி, கடைசியில் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் இரண்டாம் பகுதி தொடங்கும் இரண்டு சொற்களையும் எழுதியிருக்கிறார்கள். ஓட்டுச் சூளையில் ஒருவருக்கு வெர்ஜில் மனப்பாடம். ஒன்பதாவது இன்சுலாவின் ஒரு கிணற்றுக் குழியிலிருந்து 1893இல் அயர்லாந்தின் ஓகம் எழுத்து பொறித்த கல்தூண் ஒன்று கிடைத்தது. ஒரு ஆளின் பெயரும் வம்சமும் அதில் இருக்கின்றன. அது உண்மையானதுதானா என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. ஃபுல்ஃபோர்டின் குழு அந்தக் குழியை மறுபடி திறந்து ஆராய்ந்து, ரோமானிய ஆட்சி முடியும் காலத்தை ஒட்டியதாக அந்தக் கல் இருக்கலாம் என்று வாதிட்டது. ஓகம் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அயர்லாந்துக்கு வெளியே, ஒரு ரோமானிய நகரத்தின் கொல்லைக் கிணற்றில்!

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய நிர்வாகம் பிரிட்டனை விட்டு விலகியது. காலேவா உடனே காலியாகிவிடவில்லை, ஆறாம் அல்லது ஏழாம் நூற்றாண்டு வரைகூட ஆட்கள் இருந்திருக்கலாம் என்பது ஃபுல்ஃபோர்டின் கருத்து. புதுக்காசு வருவது நின்றுபோன காலத்தில் மண்ணடுக்குக்குத் தேதி சொல்வது மிகவும் கடினம், அதனால் இந்த விவாதம் ஓயவில்லை. ஆக்ஸ்போர்டுஷயரிலும் தேம்ஸ் கரையிலும் எழுந்த புதிய சாக்ஸன் அரசுகளுக்கு இந்த மேட்டு நிலம் தேவைப்படவில்லை. பக்கத்தில் பெரிய ஆறும் இல்லை. லண்டனுக்கும் வின்செஸ்டருக்கும் கிடைத்த இரண்டாவது வாழ்வு இதற்குக் கிடைக்காமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

2014இல் ஒன்பதாவது இன்சுலாவின் குழியை மூடினார்கள். பிறகு நகரின் வேறு இடங்களில் சிறிய குழிகள், 2018-19இல் குளியலகம். ஜான் கிரைட்டனின் குழு மண்ணைத் தோண்டாமலேயே காந்தப்புலக் கருவிகளால் மதிலுக்கு உள்ளும் புறமும் அளந்து புது வரைபடம் தயாரித்தது. ஒன்பதாவது இன்சுலாவில் 18 கோடைகள் செலவழித்துத் திறந்த 3,025 சதுர மீட்டர், மதிலுக்கு உள்ளே இருக்கும் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1909இல் முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்ட ஊரில் மீதிப் பரப்பு விக்டோரியா காலத்து ஒடுக்கக் குழிகளுக்கு நடுவே, பெரும்பாலும் கலையாமல் இருக்கிறது. கோணல் வீடுகள் இன்னும் சில அதே வரைபடத்தில் தெரிகின்றன. அவற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.